உட்கார்ந்தவரைத் தாண்டக் கூடாது

இந்தக் கதையில் நடப்பதில் பெரும்பாலானதை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு தியான மண்டபத்தில் பாய் விரித்து, கூட்டிப் பெருக்குகிற துரைக்கண்ணு என்பவர் சொல்லக் கேட்டது. இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் கோபமாகவே சொன்னார். ஒரு முறை அன்று மழைத் தூறல் என்றார், மறுமுறை நல்ல வெயில் என்றார். அதனால் வானத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதுகிறேன்.

மண்டபம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறது. நடத்துபவர் பரிபூரணம் என்ற பெண்மணி. நாற்பது வயதுதான் இருக்கும். அங்கே வருகிறவர் யாரானாலும் அவருக்கு அண்ணன் அல்லது அக்கா. மண்டபத்துக்கென்று ஒரே ஒரு சட்டம் உண்டு. கண்மூடி உட்கார்ந்தவரைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது. அவராக எழுந்தால்தான் வழி.

அங்கே வருகிற மாசிலாமணிக்கு அவரைவிட வயது அதிகம். வீடுகளுக்கு வயரிங் செய்பவர். அம்மா இறந்த பிறகு தூக்கம் போய்விட்டது என்று வந்தவர். உட்காருவார். கொஞ்ச நேரத்தில் உடம்பு உதறும். எழுந்துவிடுவார். மாதக்கணக்கில் இப்படியே போனது.

அன்றும் பாதியில் எழுந்தார். எல்லோரும் போகும்வரை வெளியில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“முடியலைம்மா.”

“மூச்சைப் பாருங்கண்ணே. மனசு ஓடினா ஓடட்டும். திரும்ப மூச்சுக்கு வாங்க.”

“மூச்சு, மூச்சு! எங்கம்மாவை மூச்சு இல்லாமத்தாம்மா தூக்கிக்கிட்டுப் போனேன்.”

பரிபூரணம் அவர் பக்கம் ஒரு பாயை நகர்த்திப் போட்டார்.

“கண்ணை மூடினா சுடுகாட்டுக்குப் பின்பக்கமாப் போற அந்த வடிகால்தான் வருது. முழங்கால் வரைக்கும் சேறு. முன்னால ரெண்டு பேர், பின்னால நானும் தம்பியும். தம்பிக்குக் கால் வழுக்கிடுச்சு. பாடை சாய்ஞ்சு அம்மா தலை என் தோள்ல வந்து இடிச்சுது. பெத்தவளைச் சேத்துல போட்டுடுவோமோன்னு பதறிப் போயிட்டேன். தினமும் குளிக்கிறேன். இடிச்ச இடம் போக மாட்டேங்குது.”

“சுடுகாட்டுக்கு வண்டிப் பாதை இருக்கே?”

“இருந்துச்சு. கம்பி வேலி போட்டாச்சு.”

“யாரு?”

மாசிலாமணி முதல் வரிசையைக் காட்டினார். மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு பாய் தனியாகக் கிடந்தது. சபாநாயகத்தின் இடம்.

சபாநாயகம் ஊரில் பெரிய நிலக்காரர். மண்டபத்துக்குத் தளம் போட்டவர், மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தவர். உட்கார்ந்தால் கற்சிலைதான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை அசையாது. புதிதாக வருகிறவர்களுக்கு அவரைத்தான் காட்டுவார்கள், இப்படி உட்கார வேண்டும் என்று.

“அவர்கிட்ட கேட்டீங்களா?”

“வாசல்ல நின்னு கேட்டேன். அம்மா வீட்ல கெடக்கு, இன்னைக்கு ஒரு நாள் வேலியைப் பிரிங்கய்யான்னு. உள்ள தியானத்துல இருந்தாரு. முடிச்சுட்டுத்தான் வந்தாரு. சிரிச்ச முகம். பாதை அவர் நிலத்துல போகுதாம். இத்தனை தலைமுறையா அது வழியாப் போன பொணமெல்லாம் அவருக்குத் தெரியலையாம். ‘வழி இல்லேன்னு நான் சொல்லலியே மாசிலா. பின்னால போகலாமே’ன்னாரு.”

“ம்.”

“அதோட விட்டாரா? ‘கோபப்படாதே, உடம்புக்கு ஆகாது. காரியமெல்லாம் முடிஞ்சதும் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்து பாரு’ன்னாரு. அவர் சொல்லித்தாம்மா நான் இங்க வந்தேன்.”

பரிபூரணம் நிமிர்ந்தார்.

“இப்ப அப்பா படுத்துட்டாரு. ‘என்னையும் அந்தச் சேத்துலதான் இழுத்துக்கிட்டுப் போவியா’ன்னு தினம் கேக்குறாரு. நான் என்ன சொல்ல? அந்த ஆளுக்கு மனசு அடங்கிப் போய்க் கெடக்கு. எனக்கு அடங்கலை. இது என்னம்மா நியாயம்?”

பரிபூரணத்துக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டாம். அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றார் துரைக்கண்ணு.

“வெள்ளிக்கிழமை காலையில வாங்கண்ணே,” என்றார் பரிபூரணம். “வரும்போது மண்வெட்டி கொண்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை மாசிலாமணி மண்வெட்டியோடு வந்தார்.

“வாழைக்குத் தண்ணி திறந்து விடுங்க.”

“நேத்துதானேம்மா பாய்ச்சுனாங்க? சொதசொதன்னு கெடக்கு.”

“இன்னைக்கும் பாயட்டும்.”

மண்டபத்தின் பின்கதவைத் திறந்தால் வாழைத் தோட்டம். அதைக் கடந்தால்தான் பின்தெரு. மாசிலாமணி மடையைத் திறந்துவிட்டு, கை கால் கழுவி, உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

சபாநாயகம் ஜரிகைக்கரை வேட்டியில் வந்தார். தங்கை மகளுக்கு அன்று கல்யாணம். தாலி எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அவர். ஒரு நாள்கூட உட்காராமல் இருக்க மாட்டேன், உட்கார்ந்துவிட்டு நேராக மண்டபத்திலிருந்து மண்டபத்துக்கு என்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார். முன்வாசலில் அவருடைய கார் நின்றது.

எல்லோரும் கண்மூடிய பிறகு பரிபூரணம் தன் பாயை எடுத்தார். முன்வாசல் நிலைப்படிக்கு உள்ளே, கதவகலத்துக்கு விரித்து உட்கார்ந்தார்.

சபாநாயகம் கண் திறந்தார். முகம் தெளிந்த குளம் மாதிரி இருந்தது. எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தார்.

“பூரணம், கொஞ்சம் வழி விடுங்க.”

பரிபூரணம் கண்ணைத் திறக்கவில்லை. “உட்கார்ந்திருக்கேண்ணே.”

“தெரியுது. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

“உட்கார்ந்தவங்களைத் தாண்டக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே சொல்லிக் குடுப்பீங்க?”

சபாநாயகம் சிரித்தார். மற்றவர்களைப் பார்த்தும் சிரித்தார். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

“விளையாட்டு போதும். எந்திரிங்க.”

“விளையாடலைண்ணே.”

“அப்ப எனக்கு வழியே கிடையாதா?”

“வழி இல்லேன்னு நான் சொல்லலியே. பின்னால போகலாமே.”

கடைசி வரிசையில் மாசிலாமணி தலையைத் தூக்கினார்.

சபாநாயகம் பின்கதவு வரை போனார். எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது வேறு முகம்.

“அது என்ன வழி? முழங்கால் சேறு. மனுசன் போவானா அதுல?”

“போயிருக்காங்க,” என்றது ஒரு பெண் குரல்.

“யாருடி அது?”

 பெண்கள் வரிசையில் எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பரிபூரணத்திடம் திரும்பினார். “இந்தத் தளம் யார் போட்டது? தலைக்கு மேல சுத்துதே, அது யார் வீட்டுக் காசு? நான் போட்ட தளத்துல உக்காந்துக்கிட்டு எனக்கே வழி மறிக்கிறியா நீ?”

“கோபப்படாதீங்கண்ணே. உடம்புக்கு ஆகாது. மூச்சைப் பாருங்க.”

“மூச்சாவது மண்ணாவது! எந்திரிடி!”

“‘நீங்க’ போய் ‘நீ’ வந்து, ‘நீ’ போய் ‘டி’ வர, வெத்தலை போடுற நேரம்கூட ஆகலை,” என்று என்னிடம் சொன்னார் துரைக்கண்ணு.

வெளியில் கார் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. சபாநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினார். மட்டைகள் முறியும் சத்தம் கேட்டது. பிறகு தொபீரென்று ஒரு சத்தம். செருப்பைத் திட்டினார், சேற்றைத் திட்டினார், தண்ணீர் திறந்தவன் எவன் என்று கேட்டு அவனைப் பெற்றவளைத் திட்டினார்.

மாசிலாமணி எழுந்துவிட்டார்.

“எங்கண்ணே போறீங்க?”

“விழுந்துட்டாரு. தூக்கி விடப் போறேனா, அடிக்கப் போறேனான்னு எனக்கே தெரியலைம்மா.”

“ரெண்டும் வேண்டாம். அவரே எந்திரிச்சுப் போயிடுவாரு. தோள்ல ஒண்ணும் இல்லையே.”

வாழைத் தோட்டத்தில் சத்தம் அடங்கியது. பின்தெருவுக்குச் சுற்றி வந்த காரின் கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கமாகவே போனார்கள். துரைக்கண்ணு பாய்களைச் சுருட்டினார். பரிபூரணம் எழவில்லை. மாசிலாமணி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அவர் மனசு அடங்கியிருந்துச்சேம்மா.”

“பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்.”

அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்து மறுபடி கேட்டார்.

“அப்ப என்னுது ஏம்மா இப்படி ஓடுது?”

பரிபூரணம் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். கண் சிவந்திருந்தது.

“உங்க மனசு ஓடலைண்ணே. நின்ன இடத்துலயே நிக்குது. அம்மாவைத் தோள்ல வெச்சுக்கிட்டு நிக்கிற மனுசனை, இத்தனை மாசமா உட்காரு உட்காருன்னு சொன்னேனே, என்னைச் சொல்லணும். எந்திரிச்சுப் போங்க. உங்களுக்கு இங்க என்ன வேலை?”

மாசிலாமணி எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

துரைக்கண்ணு கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அடுத்த மாதமே மாசிலாமணியின் அப்பா போய்விட்டார், அவரையும் அதே சேற்றில்தான் கொண்டு போனார்கள் என்றார். அப்போதுதான் அவர் குரல் மிகவும் உயர்ந்தது. டீக்கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கடைசி வரியைச் சரிபார்க்காமல் எழுத எனக்குப் பயமாக இருந்தது. பஸ் பிடித்துப் போனேன்.

கம்பி வேலி இருக்கிறது. மண்டபத்தின் முன்கதவு பூட்டியிருக்கிறது. எல்லோரும் வாழைத் தோட்டத்து வழியாகத்தான் வந்து போகிறார்கள். மேலே கொக்கிகள் மட்டும் இருக்கின்றன, மின்விசிறிகள் இல்லை. மாசிலாமணி வீட்டில் இல்லை. திங்கட்கிழமை ஆனால் அவரும் தெருக்காரர்களும் பாதை கேட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார்களாம். “அண்ணன் உக்காந்தா அசையாது. ஆபீஸருங்கதான் சுத்திக்கிட்டுப் போவணும்,” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

மாசிலாமணியின் அப்பா இறக்கவில்லை. துரைக்கண்ணு சொன்னது தவறு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்து ஆபீஸிலிருந்து வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார்.

“வழி விட்டாச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்ப நான் போகலை,” என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.