கிடா குடிச்ச கீரைத் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு சமையல்காரரு. பேரு சுடலைமுத்து. அவரு பொண்டாட்டி இலஞ்சியம். நீ "ம்" கொட்டினாத்தான் கதை நகரும். ம்? சரி.

இலஞ்சியம் சும்மா ஆளில்ல. அந்த ஊர்ப் பொம்பளைங்க வடம் இழுக்கிற அணிக்கே தலைவி. மொத்தம் எட்டுப் பேரு. வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுல பக்கத்து ஊரு மேலூர்க்காரிகளோட போட்டி. ரெண்டு வருசமா தொபுக்கடீர் தொபுக்கடீர்னு தோல்வி. "இந்தத் தடவையும் விழுந்தா அணியைக் கலைச்சிருவோம்"னு ஊர்ல பெரியவங்க சொல்லிட்டாங்க. இலஞ்சியம் சோறு தண்ணி இல்லாம அழுதா.

அப்போ சுடலைமுத்து, "அழாதளா. நாப்பது நாள் இருக்கு. எட்டுப் பேருக்கும் நானே காயும் கீரையுமா ஆக்கிப் போடுதேன்"ன்னாரு.

அப்புறம் எப்படி ஆக்குனாருங்கிற? காயைத் தோல் சீவி, டக்டக்டக்னு பொடிப்பொடியா நறுக்குவாரு. நறுக்கினதைச் சளக் சளக்னு மூணு தண்ணியில அலசுவாரு. கீரையையும் நறுக்கி ஒரு மணி நேரம் ஊறப் போடுவாரு. அண்டா நிறையத் தண்ணி வச்சு, மூடி போடாம, கொதகொதகொதன்னு வேக விடுவாரு. வெந்த தண்ணி பச்சைப்பசேல்னு இருக்கும். அதை அப்படியே வடிச்சு, கொல்லையில நின்ன ஆட்டுக் கிடாவோட தொட்டியில ஊத்திருவாரு. கிடா சர்ர்ர்னு உறிஞ்சிட்டு, "ஏவ்!"

ம்?

பத்து நாள் ஆச்சு. பழகிப் பாக்க எதிர்ல ஆளு வேணுமே? வடத்தோட ஒரு நுனியைக் கிடா மேல கட்டுனாங்க. மறு நுனியில எட்டுப் பொம்பளைங்க. "ஏலேலோ!" கிடா ஒரு இழு! எட்டுப் பேரும் கொல்லைக் கடைசிக்குப் போயிட்டாங்க.

அப்புறம் இன்னொரு பத்து நாள். இன்னும் ரெண்டு அண்டா காய். "ஏலேலோ!" கிடா வேலியைப் பிச்சுக்கிட்டு, பொம்பளைங்களைத் தெருத் தெருவா இழுத்துட்டுப் போச்சு. டீக்கடை பெஞ்சு படார்!

அப்புறம் மூணாவது பத்து நாள். "ஏலே..." சொல்லி முடிக்கல. சர்ர்ர்ர்ர்... தொபக்! தொபக்! எட்டுப் பேரும் குளத்துக்குள்ள! கிடா கரையில நின்னு, "ம்மே!"

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

இலஞ்சியம் தலையில பாசியோட எந்திரிச்சா. "ஏங்க! எங்களுக்கு என்ன போடுதீக? அதுக்கு என்ன போடுதீக?"

"உங்களுக்குக் காயி. அதுக்கு வெறும் வடிச்ச தண்ணி."

"அப்போ காயில இருந்த சத்து எங்க போச்சு?"

சுடலைமுத்து கிடாவைப் பாத்தாரு. தளதளன்னு மினுங்குது. பொம்பளைங்களைப் பாத்தாரு. வாடின கத்திரிக்காயாட்டம் நிக்காங்க. "அய்யய்யோ, சத்தையெல்லாம் தண்ணிக்கு விட்டுட்டு, உங்களுக்குச் சக்கையைப் போட்டுட்டேனே!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு.

மறுநாள் காலையில ஆளே மாறிட்டாரு. காயை முழுசாக் கழுவுனாரு, அப்புறம்தான் நறுக்குனாரு, அதுவும் பெருசு பெருசா. தோலை விட்டுட்டாரு. கை அளவு தண்ணி, மேல மூடி. புஸ்ஸுன்னு ஆவி வந்து காய் பதமா வெந்ததும் டக்குனு இறக்கிட்டாரு. அடியில மிஞ்சின தண்ணியைக்கூட ரசத்துல ஊத்திட்டாரு. கிடா தொட்டியை நக்கிப் பாத்துச்சு. ஒண்ணுமில்ல. மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு!

பத்தாவது நாள் கொடை. மேளம் டண்டணக்கு டண்டணக்கு! மேலூர்க்காரிங்க, "என்னக்கா, குளிச்சுட்டு வந்தாச்சா?"ன்னு கேலி பண்ணாங்க. இலஞ்சியம் பல்லைக் கடிச்சா, குதிகாலை மண்ணுல பதிச்சா. "ஏலேலோ!" வடம் நகரல. "ஏலேலோ!" ஒரு சாண் வந்துச்சு. "ஏலேலோஓஓ!" சர்ர்ர்ர்... மேலூர்க்காரிங்க எட்டுப் பேரும் பறந்து வந்து வைக்கப்போர்ல பொத்து பொத்துனு விழுந்தாங்க!

ஊரே கூத்தாடுச்சு. பொம்பளைங்க ஓடிப்போய், சமையக்கட்டுல நின்ன சுடலைமுத்துவை வெளிய தூக்கிட்டு வந்து, ஹேய்னு வானத்துல போட்டாங்க. பிடிச்சாங்க, திருப்பிப் போட்டாங்க. இலஞ்சியத்துக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. அவரு மட்டும் மேல பறந்துக்கிட்டே கத்துறாரு:

"அடியே, இறக்குங்கடி! அடுப்புல கீரை குழையுது!"

அவ்வளவுதான். கீரையை இறக்கியாச்சு, கதையையும் இறக்கியாச்சு. நீ இமையை இறக்கு.