தடுப்பது யார்?

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்குடியைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். அவருக்குப் போர் பிடிக்காது, கதை விளையாட்டுத்தான் உயிர். கதைசொல்லி, "எதிரே வெள்ளம், என்ன செய்வீங்க?" என்பாள். தன்னைத் திருடனாகவோ வீரனாகவோ நினைத்துக்கொண்ட ராஜா, "நீந்துவேன்" என்பார். உடனே தாயக்கட்டை உருளும். தாயம் விழுந்தால் கரை. விழாவிட்டால் சுழல்.

கதைசொல்லி பொன்னாத்தா, ஏழு மாதப் பெண்குழந்தையைப் புருஷன் வீரணனிடம் விட்டுவிட்டு, பத்து நாளில் திரும்பி வருகிறேன் என்று அரண்மனைக்கு வந்தவள். இரண்டு மாதமாயிற்று. ராஜா விடவில்லை. மகள் ஆட்டுப்பாலைக் குடிக்கிறாளோ, துப்புகிறாளோ என்றே அவளுக்கு நினைப்பு! எங்கேயாவது குழந்தை அழுதால் இவளுக்குப் பால் சுரந்து மாராப்பு நனைந்துவிடும். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

ஒருநாள் சபையில் துணிந்து கேட்டாள். "மகாராஜா, ஊருக்குப் போகட்டுங்களா?"

"கதையில் நான் பாதி ஆற்றில் நிற்கிறேனே, பொன்னாத்தா!" ராஜா முகம் வாடிவிட்டது.

விளையாட்டுக்கு விதி எழுதிய நாகலிங்கத்துக்கு அவள்மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். "அதையும் கட்டையே சொல்லட்டும், பிரபு. தாயம் விழுந்தால் போகட்டும். விழாவிட்டால் இனிக் கதை சொல்வது நான். இவள் மூன்று வருஷம் தொழுவத்தில் சாணி அள்ளட்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார். பொன்னாத்தா கட்டையை எடுத்தாள். உருட்டப் போனவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயா, நீங்க எழுதின ரெண்டாவது விதி என்னங்க?"

நாகலிங்கம் மீசையைத் தடவினார். "தடை இருந்தால்தான் கட்டை. தடுப்பது புலியா, பூட்டா, ஆளா என்று சபையில் பேர் சொன்ன பிறகே உருட்ட வேண்டும்."

"அப்போ சொல்லுங்க. பிள்ளைகிட்ட போற தாயை இங்கே தடுக்கிறது யாருங்க?"

நாகலிங்கம் வாயைத் திறந்தார். ராஜாவைப் பார்த்தார்.

"யா... யாரும் தடுக்கலையே!"

"யாரும் தடுக்கலைன்னா கட்டை எதுக்குங்க?" என்று கீழே வைத்தாள்.

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை.

"பேரை நான் சொல்கிறேன். தடுத்தது நான்தான்" என்றார். "நாகலிங்கம், தொழுவத்துக்கு ஆள் வேணும்னீரே, நீரே போய்ச் சாணி அள்ளும். பொன்னாத்தா, நிலம் வேணுமா, பொன் வேணுமா? கேள்."

"வேகமா ஓடுற மாடு பூட்டின வண்டி போதுங்க."

ஊர் வந்து சேர்ந்தாள். வீரணன் இடுப்பில் இருந்த குழந்தை அவளைப் பார்த்து மிரண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொன்னாத்தா கூப்பிடவும் இல்லை, பிடுங்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்து, வீரணன் இறக்கிவிட்ட குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு உலை சோறு வேகிற நேரம் ஆனபிறகு, தவழ்ந்து வந்த பிஞ்சுக் கை ஒன்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.