சுவரைப் பார்த்த பிள்ளையார்

சீடர் குருவிடம் கேட்டார்: "சூளை திறக்கற அன்னிக்கெல்லாம் நெஞ்சு இப்படி அடிச்சுக்குதுங்களே டீச்சர், இது எத்தனை வருஷத்துல அடங்கும்?"

குரு என்றதும் தாடியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு திருத்தம். இந்தக் கதையில் தாடி சீடருக்கு. சென்னியப்பனுக்கு வயது அறுபத்து மூன்று. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. கோவை வடவள்ளியில், தம் வீட்டுக் கார் ஷெட்டில், ஒரு சக்கரமும் ஒரு மின்சூளையும் வைத்துப் பதினொரு வருடமாகப் பானை செய்கிறார். கார் தெருவில் நிற்கிறது.

"திறந்தப்புறம் கேளுங்க சார்," என்றார் ஜெசிந்தா.

ஞாயிறு காலை எட்டு மணி. சூளையின் முகப்பில் சிவப்பு எண் முந்நூற்று இருபது டிகிரி காட்டியது. முந்தின நாள் ஆயிரத்து இருநூற்று இருபது வரை ஏறிவிட்டு மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிற எண். அது நூறுக்குக் கீழே வந்தால்தான் மூடியைத் தூக்கலாம்.

உள்ளே ஆறு டம்ளர்கள். ஆறும் சென்னியப்பன் செய்தவை. அவற்றில் ஒன்றாவது தேற வேண்டும். தேற வேண்டிய காரணம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. காரணத்தின் பெயர் மயிலாத்தாள். சென்னியப்பனின் மனைவி.

எட்டு மாதமாக அவர்கள் வீட்டுப் பின்பக்கம் சென்னியப்பனின் சக்கரம் சுற்றுகிறது. குளியலறைக் குழாய் இரண்டு முறை களிமண்ணால் அடைத்துக்கொண்டது. மயிலாத்தாள் பொறுத்தார். துவைத்த வேட்டிகள் காவி கட்டின. பொறுத்தார். பிறகு ஒரு காலையில், மாவு வாளிக்குப் பக்கத்தில், அதே போன்ற வாளியில், சென்னியப்பன் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து வைத்தார். நிறம் ஒன்று, பதம் ஒன்று. மயிலாத்தாள் ஒரு கரண்டி எடுத்துத் தோசைக்கல்லில் வார்த்தார். வட்டமாக, அழகாக வந்தது. திருப்பத்தான் முடியவில்லை.

"கல்லு காஞ்சது பத்தல," என்றார் சென்னியப்பன், குறிப்பெடுக்க நோட்டைத் தேடிக்கொண்டே.

தீர்ப்பு அன்றே வந்தது. "அடுத்த சூளையில எனக்குக் காப்பி குடிக்கற மாதிரி ஒரே ஒரு டம்ளர் வரோணும். வல்லீன்னா சக்கரம் போகுது, அந்த எடத்துல வாஷிங் மெஷின் வருது."

இதுதான் அந்த அடுத்த சூளை. மயிலாத்தாள் கையோடு ஃபிளாஸ்க்கில் காப்பியும் கொண்டுவந்திருந்தார், தேர்வாளர் வினாத்தாளோடு வருவது போல.

"முன்னாடி செஞ்சு குடுத்ததெல்லாம் என்னாச்சும்மா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"ஒண்ணு ஒழுகுச்சு. ஒண்ணு ஒதட்டைக் கிழிச்சுது. ஒண்ணு நல்லா இருக்குது கண்ணு. காத்துக்குக் கதவு சாத்தாம முட்டுக் குடுத்து வெச்சிருக்கேன்."

"அதெல்லாம் பரிசோதனை மயிலு," என்றார் சென்னியப்பன்.

"எட்டு மாசமா நாந்தான் எலி."

ஜெசிந்தா சிரித்துவிட்டுத் தம் டம்ளரிலிருந்து ஒரு வாய் பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார். அந்த டம்ளரைப் பற்றிச் சென்னியப்பனின் நோட்டில் ஒன்றரைப் பக்கம் உண்டு. வெளிர்பச்சைப் பூச்சுக்குள்ளே, மயிரிழை போலப் பழுப்புக் கோடுகள் வலைபோட்டு ஓடும். சீன அரசர்கள் இப்படிப்பட்ட கிண்ணங்களைத் தேடித் தேடி வாங்கினார்கள் என்று படம் வரைந்து எழுதியிருந்தார். குருவின் டம்ளர் அலமாரியில் வெகுநாள் இருந்த பழைய படைப்பு என்பது அவருடைய முடிவு. எப்படிச் செய்தீர்கள் என்று குருவிடம் கேட்டதற்கு, "அது தானா வரும் சார்," என்று பதில் வந்தது. 'தானா' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் சூளை ஏற்றினாலும் மிஞ்சிய மண்ணில் ஒரு பிள்ளையார் பிடித்து மூடியின் மேல் வைக்க வேண்டும், வாசலைப் பார்த்தபடி. மூடியைத் தூக்குகிறவர் முதலில் அவரை இறக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்வரும் உங்களுக்குப் பிள்ளையார் எதற்கு என்று சென்னியப்பன் ஒருமுறை கேட்டார்.

"எனக்கில்ல சார், மூடிக்கு," என்றார் ஜெசிந்தா.

சென்னியப்பன் பிடித்த பிள்ளையார் என்னவாக முடிந்தார் என்பதைப் பழமொழி முன்கூட்டியே சொல்லிவிட்டது. வால் ஒன்றுதான் இல்லை.

"முந்நூத்தி பதினாலு," என்றார் சென்னியப்பன்.

சூளையை ஒரு சுற்று சுற்றி வந்தார். "முந்நூத்தி பதிமூணு."

"ஏனுங்க, கிரிக்கெட்டா நடக்குது?" என்றார் மயிலாத்தாள். "உக்காருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்தால் எண் தெரியாது. "மயிலு, இப்ப ஏன் திறக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லாம இருக்கப் போறீங்களா?"

சொன்னார். மண் ஒரு வேகத்தில் சுருங்கும், மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு வேறொரு வேகத்தில் சுருங்கும். மெதுவாக ஆறினால் இரண்டும் ஒத்துப்போகும். நடுவில் குளிர்காற்று பட்டால் பூச்சு பொறுக்காது, வெடித்துக் கோடு விடும். எந்தப் படிகம் எந்த டிகிரியில் என்ன செய்யும் என்று விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. ஒரு தவறு இல்லை.

"அப்பத் தொறக்காதீங்க," என்றார் மயிலாத்தாள்.

"நான் எங்க திறக்கறேன்?"

"கை மூடி மேல இருக்குது."

கையை எடுத்துக்கொண்டார்.

எண் இருநூற்று எண்பத்தொன்றுக்கு வந்தபோது, "உப்புமா கிண்டிட்டு வர்றேன்," என்று ஜெசிந்தா உள்ளே போனார். சமையலறையில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அது அடங்குவதற்குள் பிள்ளையார் தரையில் இருந்தார்.

சென்னியப்பன் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு மூடியை ஒரு விரற்கடை தூக்கினார். சூடு தாடியில் மோதியது. கைபேசி வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சினார். மேல்தட்டில் ஒரு விளிம்பு தெரிந்தது. பச்சை. சேறு போன்ற பச்சையோ பாசி போன்ற பச்சையோ அல்ல. எட்டு மாதமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த பச்சை.

"மயிலு," என்றார்.

டிங்.

கொலுசிலிருந்து ஒரு மணி கழன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது போன்ற சின்னச் சத்தம். கேட்க இனிமையாக இருந்தது. சென்னியப்பனுக்கு வியர்த்தது.

டிங். டிங்.

மூடியை இறக்கினார். கையுறையோடு பிள்ளையாரை எடுத்து மேலே வைத்தார். உள்ளே இன்னும் இரண்டு முறை மணி விழுந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாஷிங் மெஷினுக்கு வாய்ப்பு கூடிவிட்டது என்று மயிலாத்தாள் முகம் மலர்ந்திருக்கலாம். மலரவில்லை. கண்களில் நீர் வழிந்தது.

"மயிலு…"

"நான் ஒண்ணும் பாக்கல. வெங்காயம் கண்ணை மறைச்சிருச்சு."

ஜெசிந்தா மூன்று தட்டுகளோடு வந்தார். சென்னியப்பன் கையில் ஒன்றைக் கொடுத்தார். சூளையைப் பார்த்தார். மூடியின் மேல் பிள்ளையார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டு விரலால் அவரைப் பிடித்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"எண் என்ன சார்?"

"இருநூத்தி அறுபத்தாறு."

"வேகமா எறங்கியிருக்கு."

"ஆமாங்க டீச்சர்."

சென்னியப்பன் உப்புமாவில் கறிவேப்பிலை, மிளகாய் எதையும் ஒதுக்காமல் முழுவதையும் விழுங்கினார். அதன்பிறகு அவர் எண்களை அறிவிக்கவில்லை. ஆனால் சூளையை விட்டு நகரவும் இல்லை.

பிற்பகல் இரண்டுக்குக் கால்மணி இருந்தது. தொண்ணூற்று ஒன்பது.

"நீங்களே எடுங்க டீச்சர்."

"உங்க சூளை சார்."

பிள்ளையாரை இறக்கினார். இந்த முறை அவர் முகத்தைப் பார்க்காமல் இறக்கினார். மூடியைத் தூக்கினார். மூன்று தலைகள் ஒன்றாகக் குனிந்தன.

கீழ்த்தட்டில் இரண்டு டம்ளர்கள் பூச்சு வழிந்து பலகையோடு ஒட்டியிருந்தன. உளி கொண்டுதான் பேச வேண்டும். பச்சை ஆழமாக வரட்டும் என்று சென்னியப்பன் மூன்று முறை தோய்த்திருந்தார். மேல்தட்டில் இரண்டு, தோளோடு தோள் சாய்ந்து ஒன்றாகியிருந்தன.

"இது புருசன் பொஞ்சாதிக்கு," என்றார் மயிலாத்தாள். "ஒரே நேரத்துல குடிக்கோணும்."

ஐந்தாவதன் வயிற்றில் ஒரு கொப்புளம்.

ஆறாவது தனியாக, நேராக நின்றது. மெல்லிய சுவர், வட்ட வாய், வழவழப்பான விளிம்பு. சென்னியப்பன் அதை இரு கையாலும் எடுத்தார். வெள்ளரிப் பிஞ்சின் உட்புறம் போல இலேசான பச்சை. அதன் மேல், வாயிலிருந்து அடிவரை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கோடுகள்.

அவர் கையிலேயே அது கடைசியாக ஒருமுறை டிங் என்றது.

"கோடு விழுந்திருச்சுங்க டீச்சர்."

"மேலதான விழுந்திருக்கு. மண்ணு நல்லா வெந்திருக்கு. தண்ணி ஊத்திப் பாருங்க."

டம்ளரில் தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாள் மேல் வைத்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் சென்னியப்பன் ஒரு முழுப்பக்க நகை விளம்பரத்தை நான்கு முறை படித்தார். டம்ளரைத் தூக்கியபோது தாள் உலர்ந்திருந்தது.

ஜெசிந்தா ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பியை ஊற்றி மயிலாத்தாளிடம் நீட்டினார்.

மயிலாத்தாள் விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவினார். போன அனுபவம் அப்படி. ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். சென்னியப்பன் தம் தாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காப்பி ஆறிப்போச்சு," என்றார் மயிலாத்தாள்.

"டம்ளரு?"

"டம்ளருக்கென்ன?"

மிச்சத்தையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அதில் சென்னியப்பன் ஆணியால் ஒரு மயிலைக் கீறியிருந்தார். கோழி போல இருந்தது. ஆனால் தோகை உண்டு.

"வாஷிங் மெஷினை மாடிப்படிக்கு அடியில வெச்சுக்கலாம்," என்றார்.

சென்னியப்பன் துள்ளவில்லை, முழங்கால் இடம் தராது. காலி டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார், திருப்பினார், மறுபடி சாய்த்தார். அப்போதுதான் கண்டார். உள்ளே, அடியில், காப்பி தங்கிய இடத்தில், கோடுகள் மயிரிழை போலப் பழுப்பேறத் தொடங்கியிருந்தன.

இந்தக் கோடுகளை அவர் வரைந்திருக்கிறார். ஒன்றரைப் பக்கம்.

தலை நிமிர்ந்து குருவின் டம்ளரைப் பார்த்தார். தம் கையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி குருவினுடையதைப் பார்த்தார்.

"டீச்சர், நான் நடுவுல மூடியைத் தூக்கினேன்."

"பிள்ளையார் சொன்னார் சார்."

"இருநூத்தி எண்பத்தொண்ணுல."

"ம்."

"அப்ப, உங்க டம்ளரும்…"

ஜெசிந்தா மதியம் போட்ட சாயாவின் கடைசி வாயைக் குடித்தார்.

"நீங்க தொழில் கத்துக்கிட்ட புதுசுலங்களா?"

"முந்நூத்தி நாப்பதுல," என்றார் ஜெசிந்தா. "போன மாசம்."