முகமில்லாத படம்

கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலத்தில், ஒரு துறைமுகப் பட்டினத்தில் நன்முல்லை என்றொரு ஓவியக்காரி இருந்தாள், கேளுங்கள். விளக்குக்கரியில் மை குழைத்துத் துணியில் படம் வரைவது அவள் தொழில்.

அவளுக்கு ஒரே தங்கை, செங்காந்தி. ஆறு வயதில் கடல்வெள்ளம் அவளை அடித்துக்கொண்டு போயிற்று. ஊரார் அழுது ஓய்ந்தார்கள். பத்து வருடம் கழித்து ஒரு மாலுமி வந்து, "அன்றைக்குச் சில பிள்ளைகளை உப்பளத்து ஆட்கள் படகில் ஏற்றிக் காப்பாற்றினார்களாம்" என்றான்.

அன்றே நன்முல்லை தங்கையின் முகத்தை அச்சு அசலாக வரைந்தாள். முதல் உப்பளத்து ஊரில் காட்டினாள். யாருக்கும் தெரியவில்லை. கன்னத்து மச்சத்தையும் காதுத் தோட்டையும் சேர்த்து வரைந்து இரண்டாவது ஊரில் காட்டினாள். அங்கும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஆறு வயது முகம் இன்னுமா அப்படியே இருக்கும், அம்மா?" என்றாள் உப்பு விற்கிற ஒருத்தி.

நன்முல்லை கரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணை மூடி யோசித்தாள். முகம் மாறியிருக்கும். மாறாதது எது?

ஓட்டம். வலது தோள் முந்த, துரத்துகிறவர்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடுவாளே, அந்த ஓட்டம்.

பெரிய தூரிகையை மையில் முக்கி, ஒரே மூச்சில் இழுத்தாள். ஏழெட்டுக் கோடுகள்தாம். மை சிதறிப் புழுதி போலத் தெறித்தது. கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் துணியில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஊரில் தலைவர் சிரித்தார். "முகமே இல்லாத படத்தைக் காட்டி யாரைத் தேடுகிறாய்?"

பின்னால் நின்ற ஒருத்தி உப்புக்கூடையை இறக்கி வைத்தாள். "இது நம் செல்லி இல்லையா? அவள் ஒருத்திதானே இப்படி ஓடுவாள்?"

அவளை அழைத்து வர ஆள் போயிற்று. அக்காவும் கடலோடு போய்விட்டாள் என்று நம்பி, செல்லி என்ற பெயரில் அங்கேயே வளர்ந்த செங்காந்தி, வலது தோள் முந்த ஓடி வந்தாள். அக்காவைக் கண்டதும் கட்டிக்கொண்டாள்.

பிறகு தங்கை படத்தை வாங்கிப் பார்த்தாள். "ஏன் அக்கா, எனக்கு மூக்கு வைக்கவில்லை?"

"நீ ஒரு இடத்தில் நின்றால்தானே வைப்பேன்" என்றாள் நன்முல்லை.

ஒருவரை உண்மையில் அறிந்தவர், அவர் முகத்தை மட்டும் பார்த்தவர் அல்லர். அவர் அசைவை அன்போடு கவனித்தவரே.