மூன்றாவது நுனி வளையம்

அம்பலவாணன் முப்பது வருடம் மாஜிஸ்திரேட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்திரண்டு வயதில் தூண்டில் கம்பு பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. துறைமுகச் சாலையில், ஐஸ் கம்பெனிக்கு அடுத்த தகரக் கொட்டகையில் தையல் மிஷின் போட்டிருந்தவர். ஒருநாள் யாரோ ஒருவர் வளையம் கழன்ற தூண்டில் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து, "இதுக்கு நூல் சுத்தித் தருவியளா?" என்று கேட்டார். சுற்றிக் கொடுத்தார். அந்த வளையம் பிறகு அசையவே இல்லை. அதைப் பார்த்து அடுத்த கம்பு வந்தது. இப்போது தையல் மிஷின் மேல் பசைக் குச்சிகளும் அரங்களும் கிடக்கின்றன.

அம்பலவாணன் தன் கம்பைக் கொடுக்க வந்தவர். ஜெசிந்தாவின் விரல்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றுவிட்டார். மறுநாள் மறுபடி வந்தார்.

"எனக்கு இந்த வேலையைக் கத்துத் தருவீங்களா?"

"ஐயாவுக்கு எதுக்கு இது?"

"இவ்வளவு காலமும் இந்தக் கை கையெழுத்துதான் போட்டிருக்கு. வேற ஒண்ணும் தெரியாது."

ஜெசிந்தா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்று முதல் அம்பலவாணன் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். ஜெசிந்தா கொஞ்ச நாள் கூச்சப்பட்டார். பிறகு விட்டுவிட்டார்.

ஏழு மாதம் ஆனது.

ஒருநாள் தொபியாஸ் என்பவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். விசைப்படகில் வேலை பார்த்தபோது இடது கை வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிவிட்டது. கை இருக்கிறது, தோளுக்குக் கீழே அசையாது. படகில் இனி யாரும் ஏற்ற மாட்டார்கள். அலைதடுப்புப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டுத்தான் குடும்பம் நடக்கிறது. அவருடைய கம்பின் நுனி வளையம் உடைந்திருந்தது. தூண்டிலின் நைலான் நரம்பு கடைசியாக வெளியேறும் வளையம் அது. இரும்புச் சட்டத்துக்குள் பீங்கான் வைத்தது. பீங்கான் கீறிவிட்டால் நரம்பை அறுத்துவிடும்.

"ஐயா செய்யட்டும்" என்றார் ஜெசிந்தா.

அம்பலவாணன் லைட்டரைப் பற்றவைத்தார். கம்பில் சூடு படாமல் வளையத்தை மட்டும் சுடரில் காட்டித் திருப்பினார். பழைய பசை இளகி, வளையம் கையோடு வந்தது. நுனியைச் சுரண்டித் துடைத்தார். பசைக் குச்சியை உருக்கித் தடவி, புது வளையத்தைச் செருகினார். பசை இறுகுவதற்குள் கம்பை அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, மற்ற வளையங்களோடு நேராக்கினார். ஜெசிந்தாவும் வாங்கிப் பார்த்தார். தலையசைத்தார்.

அன்று வீட்டில் அம்பலவாணன் அதை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார்.

இருபது நாளில் தொபியாஸ் திரும்ப வந்தார். வளையம் உடைந்திருந்தது.

"கீழ போட்டீங்களா?" என்று கேட்டார் அம்பலவாணன்.

"இல்லய்யா."

"பாறையில இடிச்சீங்களா?"

"இல்லய்யா."

"பின்ன தானா உடைஞ்சுதா?"

தொபியாஸ் கம்பை நீட்டினார்.

இந்த முறை அம்பலவாணன் கனத்த வளையமாகத் தேர்ந்தெடுத்தார். பிரிக்கவே முடியாத பசை போட்டார். அதன் மேல் நூலை இறுக்கிச் சுற்றி, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தார்.

"இனி ஜாக்கிரதையா இருக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு மாதம் கழித்து தொபியாஸ் வந்தபோது, ஒரு விரல் நீளத்துக்கு நுனியே ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டில் வளையம் அப்படியே இருந்தது.

"ஐயா போட்ட கட்டு போட்டபடியே இருக்கு. கம்புதான் போயிட்டு" என்றார் தொபியாஸ். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அம்பலவாணனுக்கு முகம் சிவந்தது.

"இது மூணாவது தடவை. மூணு தடவையும் அதே இடம். வேற எத்தனையோ பேர் கம்பு கொண்டு வர்றாங்க. உங்க கம்பு மட்டும் ஏன் இப்படி?"

தொபியாஸ் தரையைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவிடம் சொன்னார்.

"இத வெட்டித்தான் மாட்டணும். தெரியும். ஆனா தங்கச்சி, மீன் கெடக்கது தண்ணிக்குள்ள இருக்க பாறைக்கு அந்தப் பக்கம். இன்னும் ரெண்டு தடவ வெட்டினா இந்தக் கம்பு எறியுறது பாறையத் தாண்டாது. வேற கம்பு நான் எங்க போவேன்?"

அம்பலவாணன் ஒடிந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர்," என்றார் அம்பலவாணன், "இனிமே உடையவே உடையாத மாதிரி எப்படி மாட்டுறது?"

ஜெசிந்தா கம்பை வாங்கி ஒடிந்த இடத்தை நேராக அறுத்தார். அரத்தால் ராவினார். சின்ன வளையம் ஒன்றை இளகும் பசையில் வைத்தார். நூல் சுற்றவில்லை.

"கட்டு போடலையா?"

"இது நாளைக்கு மட்டுந்தான்." ஜெசிந்தா தொபியாஸ் பக்கம் திரும்பினார். "அண்ணன், நாளைக்கு நாங்களும் பாறைக்கு வாறோம்."

மறுநாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் மூவரும் அலைதடுப்பின் கடைசியில் இருந்தார்கள். ஜெசிந்தா ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். அம்பலவாணன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

தொபியாஸ் இறாலைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒற்றைக் கையால் தூண்டில் முள்ளில் கோத்தார். நின்று, உடம்பை முழுதாகத் திருப்பி எறிந்தார். ஈயக் குண்டு வெகு தூரத்தில் போய் விழுந்தது. இரண்டு கை உள்ளவர்கள் பலரால் அந்தத் தூரம் எறிய முடியாது. பிறகு உட்கார்ந்தார். கம்பின் அடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் ரீலைச் சுற்றினார்.

அம்பலவாணன் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை இந்த மனிதரின் கம்பைத்தான் அவருக்குத் தெரியும்.

ஒரு ஊளி மீன் கிடைத்தது. பிறகு ஒன்றும் இல்லை. சூரியன் கடலை விட்டு மேலே வந்தது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ தொபியாஸ் நரம்பைச் சுற்றி முடிக்கும்போது ஜெசிந்தா எழுந்தார்.

"கேட்டுச்சா?"

"என்னது?" என்றார் அம்பலவாணன்.

ஜெசிந்தா இறங்கிப் போனார். "அண்ணன், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க." தொபியாஸ் இருந்த இடத்தில் உட்கார்ந்தார். துப்பட்டாவால் தன் இடது கையை உடம்போடு சேர்த்து முடிந்துகொண்டார். கம்பைத் தொடையில் இடுக்கி, தொபியாஸ் எறிந்து கொடுத்த நரம்பைச் சுற்றினார். சுற்றி முடித்ததும் இன்னொரு தடவை எறியச் சொல்லிச் சுற்றினார். பிறகு கையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்.

"ஐயா, நீங்க வாங்க."

அம்பலவாணன் உட்கார்ந்தார். இடது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். தொபியாஸ் எறிந்து கொடுத்த கம்பை இடுக்கியதும், அது நிமிர்ந்து நிற்காமல் கடலைப் பார்த்துத் தாழ்ந்தது. நேர் எதிரே சூரியன். தண்ணீர் முழுக்க ஒளி. கம்பின் பாதிதான் தெரிந்தது. மீதி அந்த ஒளிக்குள் போய்விட்டது.

சுற்றினார். எவ்வளவு நரம்பு வந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றினார்.

டக்.

ரீலின் கைப்பிடி நின்றது. நரம்பின் முனையில் தூண்டிலைக் கோக்கும் இரும்புச் சுழலி, வேகமாக வந்து நுனி வளையத்தில் மோதி நின்றிருந்தது. பசை விட்டு வளையம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அம்பலவாணன் அதைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். அவர் கையாலேயே நடந்திருந்தது.

"எனக்குத் தெரியல டீச்சர். நுனி எங்க இருக்குன்னே தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் ஜெசிந்தா.

"நின்னுக்கிட்டு கம்பத் தூக்கிப் பிடிச்சா தெரியும்" என்றார் தொபியாஸ். "அதுக்கு ரெண்டு கை வேணும்."

அம்பலவாணன் அவரை நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் என்கிட்ட முன்னாலேயே சொல்லல?"

தொபியாஸ் யோசித்தார்.

"கீழ போட்டியளானு கேட்டிய. போடல. பாறையில இடிச்சியளானு கேட்டிய. இடிக்கல. வேற நீங்க ஒண்ணும் கேக்கலயே ஐயா."

ஜெசிந்தா மடியிலிருந்து சிவப்பு நூல்கண்டை எடுத்தார். சுழலியிலிருந்து ஒரு பாகம், அதாவது ஏறக்குறைய ஆறடி, தள்ளி, நரம்பின் மேல் நூலால் குட்டியாக ஒரு முடிச்சு போட்டார். எச்சில் தொட்டு இறுக்கினார். வளையத்தைக் கொண்டுவந்திருந்த லைட்டரின் சுடரில் காட்டி நேராக்கிக் கொடுத்தார்.

"இப்பச் சுத்துங்க அண்ணன். கண்ண மூடிக்கிடுங்க."

தொபியாஸ் எறிந்தார். உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். அம்பலவாணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டென்று தொபியாஸின் கை மெதுவானது.

"தட்டுது."

"எங்க?"

"தொடையில. முடிச்சு ஒவ்வொரு வளையமா நுழையுது. ஒண்ணு... ரெண்டு..."

"மூணாவது தட்டுல நிறுத்துங்க."

நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். கம்பைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். சுழலி, நுனி வளையத்துக்கு நாலடி கீழே காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

தொபியாஸ் சிரித்தார். அவர் சிரித்து அம்பலவாணன் பார்த்தது அதுதான் முதல் தடவை. உடனே மறுபடி எறிந்தார். மறுபடி, மறுபடி. மீனைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஏழெட்டுத் தடவை எறிந்து எறிந்து சுற்றினார். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது தட்டில் நிறுத்தி, "ஆங்!" என்றார்.

அன்று மத்தியானம் கொட்டகையில் அம்பலவாணன் அந்த வளையத்தைக் கழற்றி முறையாக மாட்டினார். இளகும் பசை. மேலே மெல்லிய நூல். முன்பு போட்ட கனத்த வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பழைய இரும்பு டப்பாவில் போட்டார்.

இரண்டு மாதம் போனது. ஒரு சனிக்கிழமை தொபியாஸ் கம்போடு கொட்டகைக்கு வந்தார். அம்பலவாணன் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

"உடைஞ்சிருச்சா?"

"இல்லய்யா. காட்டலாம்னுதான் கொண்டுவந்தேன்."

பீங்கானில் ஒரு கீறல் இல்லை. தொபியாஸ் பையிலிருந்து ஒரு பாரை மீனை எடுத்து, வாழை இலையோடு ஸ்டூலின் மேல் வைத்தார். "வீட்டுல குழம்பு வைக்கச் சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார்.

ஜெசிந்தா இன்னொரு கம்பில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அம்பலவாணன் தன் வேலையைத் தொடவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், பலவேசம்னு ஒருத்தர்."

ஜெசிந்தா கையை நிறுத்தாமல் கேட்டார்.

"நெடுங்கரைக்குளத்துக்காரர். குளத்து மடையைத் திருட்டுத்தனமாத் தெறந்தார்னு என்கிட்ட கேஸ் வந்துச்சு. மொத தடவை எச்சரிச்சு விட்டேன். ரெண்டாவது தடவை ஒரு மாசம் உள்ள போட்டேன். மூணாவது தடவையும் வந்தார். ஆறு மாசம்."

"எதுக்குத் தெறந்தாராம்?"

அம்பலவாணன் வாழை இலையின் ஓரத்தை மடித்தார்.

"தெறந்தீரான்னுதான் கேட்டேன். ஆமான்னார்."

நூல் சுற்றிக்கொண்டே வந்தது.

"அந்தக் குளத்தப் பாத்திருக்கியளா?"

"கோர்ட்ல இருந்து பதினெட்டுக் கிலோமீட்டர்தான். பாத்ததில்ல." இலையை மறுபடி விரித்தார். "தீர்ப்புல தப்பு ஒண்ணும் கிடையாது. அப்பீல் போனாங்க. மேல்கோர்ட்லயும் நின்னுது. ஒரு வரி மாத்தல."

ஜெசிந்தா நூலை இறுக்கினார்.

"மூணாவது தடவை தீர்ப்புச் சொன்னப்ப அவர் என்னைப் பாக்கல. தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். திமிர்னு நெனச்சேன்."

"இப்ப இருக்காரா?"

"தெரியல. இருந்தா எழுபது வயசு இருக்கும்."

வெளியே ஐஸ் கம்பெனியில் கட்டிகளை லாரியில் ஏற்றும் சத்தம் கேட்டது. அது ஓயும் வரை அம்பலவாணன் காத்திருந்தார்.

"நான் இப்ப என்ன செய்யணும் டீச்சர்?"

ஜெசிந்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். கம்பை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"நெடுங்கரைக்குளத்துக்கு மொத பஸ் எத்தன மணிக்குய்யா?" என்றார்.