ஐந்து விரல் தடம்

ஒகினாவா தீவின் தெற்குக் கரையில் தொகாஷிகி என்றொரு கராத்தே ஆசான் இருந்தார். வேலி சூழ்ந்த ஒரு மணல் முற்றம்தான் அவருடைய பயிற்சிக்கூடம். மூலையில் மண்ஜாடிகள் வரிசையாக இருக்கும். ஜாடியின் விளிம்பை விரல்நுனிகளால் மட்டும் கவ்வித் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும். விரல்களில் வலு ஏற ஏற, ஜாடிக்குள் ஒவ்வொரு கைப்பிடியாக மணல் சேரும்.

ஒரு நாள் காலை மாஜிரு என்ற இளம்பெண் அங்கே வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது மகள், சிரூ.

"என்னம்மா வேணும்?"

"பிடி வேணும், ஆசானே."

முந்தின நாள் கடல் வற்றியிருந்தபோது பெண்கள் பாறைகளில் சிப்பி பொறுக்கப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகனின் கையைப் பிடித்தபடிதான் நின்றாள். ஓர் அலை வந்தது. அது திரும்பிப் போனபோது அவள் கை வெறுங்கையாக இருந்தது. பத்தடி தூரத்திலிருந்து மாஜிரு அதைப் பார்த்தாள்.

"அவ பிடிச்சுக்கிட்டுதான் இருந்தா. வழுக்கிடுச்சு. என் பிடி வழுக்கக் கூடாது."

ஆசான் மூலையிலிருந்த வெற்று ஜாடியைக் காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். குழந்தை மணலில் விளையாடும். தாய் ஜாடியோடு நடப்பாள். நடக்கும்போதும் கண் குழந்தை மேலேயே இருக்கும்.

அங்கே குஷிகென் என்றொரு படகோட்டி, மூத்த சீடன். பீப்பாய் போன்ற உடம்பு.

"ஜாடி தூக்கவா இவ்வளவு தூரம் வர்றே? உன் வீட்டுத் தண்ணிக்குடம் என்ன பாவம் பண்ணிச்சு?" என்றான்.

"குடம் இடுப்புல உக்காந்துக்கும், அண்ணே. பிள்ளை ஓடுமே."

குஷிகென் ஜாடியைத் தொப்பென்று போட்டான். ஆசான் திரும்பிப் பார்த்தார்.

"வைக்கும்போது சத்தம் வரக் கூடாது."

"தூக்குறதுதானே ஆசானே கஷ்டம்?"

 பத்து வருஷமாக ஆசான் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குஷிகெனும் பத்து வருஷமாகத் தொப்பென்றுதான் போட்டுக்கொண்டிருந்தான்.

பயிற்சியின் முடிவில் எல்லோரும் கட்டா செய்வார்கள். தடுப்பும் குத்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த வரிசை அது. மற்ற கூடங்களில் கட்டா வணக்கத்தோடு முடியும். இங்கே அதற்குப் பிறகும் ஓர் அசைவு இருந்தது. ஆசான் ஆறு இருக்கும் திசைக்குத் திரும்புவார். வலது கையைத் தாழ்வாக, இடுப்புக்கும் கீழே நீட்டுவார். உள்ளங்கை மேலே பார்க்க விரல்களை விரிப்பார். பத்து மூச்சு நேரம் அப்படியே நிற்பார். சீடர்களும் அதே மாதிரி நிற்பார்கள்.

வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் ஒருமுறை சிரித்தார். "இது எந்தக் கட்டாவுல வருது? பிச்சை கேக்குற மாதிரி இருக்கு."

குஷிகெனுக்குக் கோபம் வந்துவிட்டது. அது தடியோடு வருகிறவனை மணிக்கட்டில் மடக்கும் ரகசியம் என்று அவன் நம்பினான். தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லியும் கொடுத்திருந்தான். ஆசான் ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இரண்டு வருஷம் ஓடியது. மாஜிருவின் ஜாடி கழுத்து வரை மணலால் நிறைந்தது. அவள் விரல்கள் கயிறு போல முறுக்கேறின.

ஒரு நாள் சந்தைக்குப் போகும் வழியில் கரும்பு வண்டி ஒன்று குதிரை மிரண்டு ஓடி வந்தது. மாஜிரு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். வண்டி நாலு முழம் தள்ளித்தான் போனது.

"அம்மா, வலிக்குது."

வண்டி வளைவில் மறையும் வரை அவள் விடவில்லை.

மறுநாள் சிரூவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதில் ஐந்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. அதன் பிறகு குழந்தை கை கொடுக்கவில்லை. தாய் தலை வாரிவிட வந்தாலும் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டது.

மூன்றாம் நாள் மாஜிரு முற்றத்துக்கு வந்தாள். சிரூ பின்னால், எட்டாத தூரத்தில் நடந்து வந்தது.

ஆசான் குழந்தையின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பச்சிலை அரைத்து வைத்துத் துணி சுற்றினார். அவரிடம் அது கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லை," என்றார்.

சிரூ எழுந்து வேலி ஓரம் போய் நின்றுகொண்டது.

"என் பிடி தப்பா, ஆசானே?"

"பிடி சரியா இருந்தது. சொல்லிக் கொடுத்த மாதிரியே இருந்தது."

"அப்போ ஏன் என்னைப் பாத்து பயப்படுறா? நான் அவளுக்காகத்தானே இதெல்லாம்..."

 குஷிகென் ஜாடியோடு நடந்துகொண்டிருந்தவன், மெதுவாக நின்றான்.

ஆசான் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரு மகன் இருந்தான். கமி. ஏழு வயசு."

இருவருக்கும் அது தெரியாது.

"சூறாவளி வந்த வருஷம். நானும் அவனும் அக்கரையில இருந்து வந்துக்கிட்டிருந்தோம். நடு ஆத்துல வெள்ளம் புடிச்சுக்கிச்சு. கரையில இருந்த ஒரு தாழை மரம் ஆத்துக்குள்ள சாஞ்சு கிடந்தது. ஒரு கையில மரத்தைப் பிடிச்சேன். இந்தக் கையில அவனைப் பிடிச்சேன். அப்போவே நான் இருபது வருஷம் ஜாடி தூக்கினவன்."

"வழுக்கிடுச்சா?" மாஜிரு கேட்டாள்.

"இல்லை."

காற்றில் வேலி அசைந்தது.

"காலையில பிடிச்சது. 'அப்பா, கை வலிக்குது'ன்னான். 'பொறுத்துக்கோ'ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு குளிருதுன்னான். அதுக்கும் அதையேதான் சொன்னேன். அப்புறம் அவன் பேசலை. தூங்குறான்னு நெனச்சேன். கைதான் என் கையில இருக்கே."

"ஆசானே..." என்றாள் மாஜிரு.

"சாயங்காலம் ஊர்க்காரங்க கயிறு கொண்டு வந்தாங்க. என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சுதான் அவனை எடுத்தாங்க. எப்போ போனான்னு எனக்குத் தெரியாது. அவன் மணிக்கட்டுல அஞ்சு விரலும் நீலமா இருந்துச்சு. அது மட்டும் தெரியும்."

குஷிகென் ஆறு இருக்கும் திசையைப் பார்த்தான். பிறகு குனிந்து ஜாடியைக் கீழே வைத்தான். சத்தமே வரவில்லை.

மாஜிரு தன் ஜாடியைப் பார்த்தாள். "அப்போ எதுக்கு எனக்கு ஜாடியைக் காட்டினீங்க?"

"பிடி வேணும்னு நின்னே. பயந்து நின்னே. அன்னிக்கு என்ன சொல்லியிருந்தாலும் உன் காதுல ஏறியிருக்காது." குஷிகென் கீழே வைத்த ஜாடியைக் காட்டினார். "தூக்கினதை மெதுவா வைக்கவும் நீயே கத்துக்குவேன்னு காத்திருந்தேன். காத்திருந்தது என் தப்பு. வலிச்சது அந்தப் பிள்ளைக்கு."

அவர் மணலில் குனிந்து, தலை தரையில் படும்படி வேலி ஓரம் நின்ற குழந்தையை வணங்கினார். சிரூ ஒன்றும் புரியாமல், தனக்குத் தெரிந்த விதத்தில் திரும்ப வணங்கியது.

"உக்காரு. அவளைக் கூப்பிடாதே. கையை மட்டும் நீட்டு."

மாஜிரு மணலில் உட்கார்ந்தாள். வலது கையைத் தாழ்வாக நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தது. விரல்கள் தாமாகவே மடங்கின. அவற்றைத் திரும்பத் திரும்ப விரித்தாள். 

சிரூ துணி சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. நின்றுவிட்டது.

வெயில் ஏறியது. மாஜிருவின் தோள் கடுத்தது.

"எவ்வளவு நேரம், ஆசானே?"

ஆசான் ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நான் பதினோரு வருஷமா நீட்டிக்கிட்டிருக்கேன், மாஜிரு. உன் பிள்ளை வேலி ஓரத்துலதானே நிக்குது."