பத்தொன்பது சென்டிமீட்டர்

டாக்டர் திருமாறன் குழந்தை மருத்துவம் படித்து முடித்துவிட்டு, ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்சிக்கு மதுரையில் ஒரு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தான். மூன்று வருடப் பயிற்சி. குரு, டாக்டர் எஸ்தர்.

எஸ்தர் அதிகம் பேசமாட்டார். முதல் மூன்று மாதம் அவனைக் குழந்தைகளின் உயரத்தை மட்டும் அளக்கவைத்தார்.

"ஒரு குழந்தையை மூணு தடவை அளங்க. மூணும் ஒண்ணா வந்தாத்தான் எழுதணும்."

அளந்தான். கை பழகியது.

நான்காம் மாதம் ஓர் ஆராய்ச்சி தேடி வந்தது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைத் தினமும் போடவேண்டாம், வாரம் ஒன்று போதும் என்று ஒரு கம்பெனி புது மருந்து செய்திருந்தது. பன்னிரண்டு குழந்தைகளுக்கு இலவசம். இரண்டு வருடம்.

"எடுத்துக்கவா மேடம்?"

எஸ்தர் காகிதங்களைப் புரட்டினார். "ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்?"

"அதப்பத்தி ஒண்ணும் போடலை மேடம்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு பேரில் ரொம்பச் சின்ன உருவம் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பிள்ளை. ஒன்பது வயது, நூற்றியொரு சென்டிமீட்டர். நாலு வயதுக் குழந்தை அந்த உயரம் இருக்கும். அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள்.

சம்மதப் படிவத்தைத் திருமாறன் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினான்.

"ரெண்டு வருஷம்தான்னு போட்டிருக்கும்மா. புரியுதா?"

"போட்டிருக்கட்டும் சார். வளந்துக்கிட்டு வர்ற புள்ளைய நடுவுலயா நிறுத்தப் போறீக?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஊசியைக் குளிரில் வைக்கவேண்டும். கம்பெனி பேச்சியம்மாளுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் கொடுத்தது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே ஊசி போட்டாள்.

செண்பகவல்லி முதல் வருடம் பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்தாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு செய்தி கொண்டுவருவாள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்குக் குட்டையானவர்களை முன்னால் நிறுத்துவார்கள்.

"நான் இப்ப மூணாவது ஆளு சார். எனக்கு முன்னாடி ரெண்டு பேரு நிக்கிறாக."

இரண்டாம் வருடம் எட்டு. மொத்தம் பத்தொன்பது. வரிசையில் ஆறாவது.

ஆராய்ச்சி முடிந்தது. திருமாறன் கட்டுரை எழுதினான். பெரிய மாநாடு ஒன்றில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையில் செண்பகவல்லியின் வளர்ச்சிக் கோடு திரையளவுக்குப் பெரிதாக மேலேறியது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

திரும்பி வந்ததும் கம்பெனிக்கு எழுதினான். குழந்தைகள் இன்னும் வளரவேண்டியிருக்கிறது, மருந்தை நீட்டித்துத் தரமுடியுமா? ஒத்துழைப்புக்கு நன்றி என்று பதில் வந்தது. அரசுக் காப்பீட்டுக்கு மனுப் போட்டான். மனு திரும்பி வந்தது. கடை விலையை விசாரித்தான். ஒரு மாத ஊசிக்குப் பேச்சியம்மாள் மூன்று மாதம் தீப்பெட்டி ஒட்டவேண்டும், சாப்பிடாமல்.

செவ்வாய்க்கிழமை பேச்சியம்மாளும் செண்பகவல்லியும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பதினொரு பேரும் அந்த மாதத்துக்குள் வந்துவிடுவார்கள். முதலில் வந்தது செண்பகவல்லிதான்.

திருமாறன் எஸ்தரின் அறைக்குப் போனான்.

"அவங்ககிட்ட என்ன சொல்றது மேடம்?"

எஸ்தர் எழுந்துபோய் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். செண்பகவல்லியைச் சுவரோரம் நிற்கவைத்துத் தானே அளந்தார். மூன்று தடவை. மூன்றும் ஒன்றாக வந்தன. நூற்றிருபது.

அவளுடைய வளர்ச்சி அட்டையை மேஜையில் விரித்து, பென்சிலை எடுத்துத் திருமாறனிடம் நீட்டினார்.

"இனிமே எப்படிப் போகும்? போடுங்க."

"மேடம்…"

"உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அவன் கையை நகர்த்தினான். இரண்டு வருடமாக ஏறி வந்த கோடு சாய்ந்து, தட்டையாகப் போயிற்று.

செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "ஏன் சார் கோடு படுத்துக்கிருச்சு?"

திருமாறன் பென்சிலைக் கீழே வைத்தான்.

பேச்சியம்மாள் கூடையைத் தரையில் வைத்தாள். "சார், ஊசி தீந்து பத்து ஞாயித்துக்கிழமை ஆச்சு. ஐஸ்பொட்டிய அணைக்கல. காலியாத்தான் ஓடுது. இன்னைக்குக் குடுப்பீகன்னு வந்தோம்."

"ஒரு நிமிஷம் வெளிய உக்காருங்கம்மா. கூப்பிடறோம்," என்றார் எஸ்தர்.

கதவு சாத்தியதும் திருமாறன் திரும்பினான்.

"இப்படி ஆகும்னு உங்களுக்கு அன்னிக்கே தெரியும். நீங்க தடுத்திருக்கலாம்."

"தடுத்திருக்கலாம்."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"துறைக்கு ஆராய்ச்சி வேணும். இல்லேன்னா அடுத்த வருஷம் உங்களை மாதிரி ஒருத்தரைப் பயிற்சிக்கு எடுக்க விடமாட்டாங்க. கட்டுரையில என் பேரும் இருக்கு, பாத்தீங்கல்ல?"

"பிள்ளை ரெண்டு வருஷமாவது வளந்தாளே மேடம். ஒண்ணுமே இல்லாம இருந்ததுக்கு…"

"அதை நான் பத்து வருஷமா எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க வரதுக்கு முன்னாடியும் ஆராய்ச்சிங்க நடந்திருக்கு."

திருமாறன் நாற்காலியில் உட்கார்ந்தான். வெளியே செண்பகவல்லி யாரிடமோ தன் வரிசைக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"நான் என்னதான் சொல்லட்டும் மேடம்?"

"பரிசு வாங்கின கட்டுரைக்குக் கடைசி வரி என்ன எழுதியிருந்தீங்க?"

அது அவனுக்கு மனப்பாடம். முணுமுணுப்பாக ஆங்கிலத்தில் சொன்னான். மருந்து நல்ல பலன் தருகிறது, நீண்ட காலப் பலனை அறிய மேலும் ஆய்வுகள் தேவை.

எஸ்தர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"போய் அதையே சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது."